செவலைக் குதிரையை ஏற்றிச் செல்ல வண்டி செய்வது பற்றி

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பெரியவன் வீட்டுப் பால் காய்ச்சு, சமையல்காரர், பந்தல், சொந்தபந்தச் சண்டை என்று நாட்கள் ஓடிவிட்டன. இன்றைக்குத்தான் வீடு அமைதியானது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. குதிரை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் ஏறுவதில்லை. லாயத்துப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களை அதட்டுவதோடு சரி.

ஆடித் திருவிழாவுக்கு மாடு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தியூரிலிருந்து குதிரையோடு திரும்பியிருக்கிறாய். தங்கச்சி என்ன சொன்னாள் என்று எழுதவே இல்லையே, அதிலிருந்தே தெரிகிறது. குருநாதசாமி கோயில் சந்தையில் மார்வாரிக் குதிரையின் காதைப் பார்த்துக் கவிழ்ந்தவர்கள் நிறையப் பேர். உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு நிற்கும் அந்தக் காதைப் பார்த்தால் பர்ஸ் தானாகத் திறக்கும். சின்னவளுக்காக வாங்கினேன் என்கிறாய். சரி, நம்பிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இரவு முழுக்க வாடகை பிக்கப்பில் வந்து, காலையில் நனைந்த துணி மாதிரி வியர்த்து இறங்கியது, பின்னங்காலில் தோல் உரிந்திருந்தது, அன்றிலிருந்து எந்த வண்டியைக் கண்டாலும் நாலு காலையும் ஊன்றி நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். ஊரில் எல்லாரும் திமிர் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு வண்டியைப் பிடிக்காமல் இல்லை. வண்டிக்குள் காலடித் தரை நகர்ந்ததையும், அப்போது பிடித்து நிற்க வழியில்லாமல் போனதையும்தான் அது மறக்கவில்லை. அதனால் குதிரையைச் சாந்தப்படுத்த என்ன செய்வது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வை. அது தடுமாறாமல் நிற்க என்ன வேண்டும் என்று பார். நிற்க முடிந்தால் பயம் பாதி இறங்கிவிடும்.

குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. தலையும் கழுத்தும் அந்தப் பக்கம் என்பதால் அப்படி. முன்பக்கம் பார்த்து நிற்கும்போது பிரேக் போட்டால் மொத்த பாரமும் முன்னால் பாய்கிறது. தலையைத் தூக்கி, பின்னங்காலை ஊன்றித் தாங்குகிறது. வளைவில் பக்கவாட்டில் கால் மாற்றுகிறது. கம்பியைப் பிடிக்காமல் டவுன் பஸ்ஸில் நின்று பார்த்திருக்கிறாய் அல்லவா, அதே பாடுதான். நமக்காவது முன்னால் வரும் வளைவு கண்ணாடி வழியாகத் தெரியும். அதற்கு அதுவும் தெரியாது. மட்டக் குதிரைகளை வண்டியில் ஏற்றி அளந்து பார்த்தபோது, சும்மா நிற்பதுபோல் தெரிந்தாலும் நடப்பதற்குச் செலவாகும் அளவு சக்தி செலவாவது தெரிந்தது. உன் செவலை ராத்திரி முழுக்க நடந்து வந்தது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

தானாக விட்டால் குதிரை ஓடும் வண்டியில் முன்னங்கால் இரண்டையும் அகட்டி, பின்னங்கால் இரண்டையும் அகட்டி நிற்கும். அந்த அகலம் கிடைத்தால் முக்கால்வாசித் தடுமாற்றம் இல்லை. உன் பிக்கப்காரர் முன்னங்கால்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். கயிற்றுத் தழும்பு இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள், ஆனால் குதிரைக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. வெறும் இரும்புத் தகட்டின் மேல் வைக்கோலைப் பரப்பியதும் சேர்ந்துகொண்டது. வைக்கோல் தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டே போகும்.

நாமக்கல்லில் டிரெய்லர் செய்யச் சொல்லியிருப்பதாக எழுதியிருப்பதால் இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கே லாரி பாடி கட்டுவதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கட்டிப் பழகியது சரக்குக்கு. தரைக்கு மரப் பலகை, அதன் மேல் தடித்த ரப்பர் விரிப்பு. மூத்திரம் இறங்கிப் பலகை உளுத்துப் போகும், அதனால் விரிப்பைக் கழற்றிப் பார்க்க முடிய வேண்டும். இரண்டு குதிரைக்கு நடுவில் வரும் தடுப்பைத் தரை வரைக்கும் இறக்கி அடைத்துவிடாதே, இதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. வயிற்று மட்டத்தோடு பலகை நிற்கட்டும், அதற்குக் கீழே ரப்பர் ஷீட் தொங்கினால் போதும். கால் அகட்ட இடம் அங்கேதான் கிடைக்கிறது. இரண்டு அச்சு வைத்தால் குலுக்கல் குறையும். உள்ளுயரம் 7 அடிக்குக் குறையக் கூடாது. கொண்டி, சங்கிலி, கதவு எல்லாவற்றுக்கும் ரப்பர் புஷ் போடச் சொல். ஆட்டம் இல்லாவிட்டாலும் இரும்பு கடகடவென்று அடித்தால் குதிரை மிரளும்.

எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்று கேட்டிருந்தாய். இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், கொஞ்சம் பொறுத்துக்கொள். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவைச் சேர்ந்த ஷாரன் கிரேகியர் என்ற அம்மையார், வண்டியில் குதிரை பின்பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். பிரேக் போடும்போது தாங்குவது தலையும் மார்பும் இல்லை, சதைப்பிடிப்பான பிட்டம் என்பது அந்த வாதத்தின் சாரம். 1996இல் நடாலி வாரனும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வில், பின்பக்கம் பார்த்துப் பயணித்த குதிரைகளுக்கு இதயத் துடிப்பு குறைவாக இருந்தது. பிட்டத்தைச் சாய்த்து ஓய்வெடுப்பதும் அதிகமாக இருந்தது. ஆனால் கட்டாமல் விட்ட குதிரைகளைப் பார்த்த வேறு ஆய்வுகளில் எல்லாம் ஒரே திசையைத் தேர்ந்தெடுக்கவில்லை, பல குதிரைகள் குறுக்காகச் சாய்ந்து நின்றன. ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால் மார்புக்கு முன்னால் வரும் மார்புக் கம்பியையும் பிட்டத்துக்குப் பின்னால் வரும் பின்கம்பியையும் இரண்டு பக்கமும் மாற்றிப் போடும்படி வைக்கச் சொல். செவலை எதில் நன்றாக நிற்கிறதோ அதை நாம் ஒப்புக்கொள்வோம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, பட்டறையில் கட்டாயம் சொல்லிவிடு. முன்பக்கம் பார்த்து நிற்கும் குதிரைக்காகக் கட்டிய டிரெய்லரில் அதையே திருப்பி நிறுத்தினால், கனமான பாகம் அச்சுக்குப் பின்னால் போய்விடும். டிரெய்லரின் மூக்கு, அதாவது இழுக்கிற வண்டியோடு மாட்டும் முனை, லேசாகி, வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மூக்கில் அழுத்தம் இருந்தால்தான் இழுக்கிற வண்டிக்குப் பின்னால் அது ஒழுங்காக வரும். எனவே அச்சின் இடத்தை இரண்டு நிலைக்கும் கணக்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். முடியாது என்று பட்டறைக்காரர் சொன்னால் முன்பக்கம் பார்த்தே வைத்துக்கொள். தப்பில்லை, காலுக்கு இடமும் தலைக்கு இடமும் இருந்தால் நின்றுவிடும்.

நம் நாட்டிலேயே இதற்கு விதி இருக்கிறது தெரியுமா? 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளில் குதிரைக்கென்று தனிப் பகுதி. சரக்கு வண்டியில் வழுக்காத தரை வேண்டும், குதிரைக்கும் குதிரைக்கும் நடுவில் குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில் வேண்டும், எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாமல் இருக்கத் தலை இடப்பக்கம் பார்க்க வேண்டும், நாலிலிருந்து ஆறு குதிரைக்கு மேல் ஏற்றக் கூடாது, மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. தலை இடப்பக்கம் என்பது அகலமான லாரிக்குத்தான் ஒத்துவரும், உன் டிரெய்லரில் குறுக்கே நிற்க அகலம் போதாது. நாற்கரச் சாலையில் 35இல் போனால் பின்னால் வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். இருந்தாலும் வளைவும் வேகத்தடையும் உள்ள நம் கிளைச் சாலைகளுக்கு அந்த வேகம் சரியான வேகம்தான்.

அப்புறம் தலைக்கயிறு. குட்டையாகவும் உயரமாகவும் கட்டினால் அடங்கி நிற்கும் என்று ஓட்டுநர்கள் நினைப்பார்கள். குதிரை சமாளித்து நிற்பதே கழுத்தை ஆட்டித்தான், அதைக் கட்டிவிட்டால் எதைக் கொண்டு நிற்கும்? இன்னொன்று அதைவிட மோசம். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வடியும். ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகளில், வண்டியே ஏற்றாமல் தலையை மட்டும் உயரக் கட்டி வைத்தபோது, சில மணி நேரத்திலேயே மூச்சுக்குழாயில் கிருமிகள் பெருகின. நெடும்பயணம் முடிந்து இரண்டு மூன்று நாளில் வரும் நெஞ்சுச் சளிக் காய்ச்சலின் வேர் பெரும்பாலும் இதுதான். அதனால் தலை மார்புக்குக் கீழே இறங்கும் அளவு கயிறு விடு, கால் மாட்டும் அளவுக்கு விடாதே. கயிற்றை நேராக இரும்பு வளையத்தில் கட்டாமல், நடுவில் மெல்லிய சணல் வளையம் ஒன்று போடு. முரண்டு பிடித்தால் சணல் அறும், கழுத்து தப்பிக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தலையை முழுக்கத் தாழ்த்த விட்டுத் தண்ணீர் காட்டு. வேற்றூர்த் தண்ணீரை மோந்துவிட்டு விலகும் குதிரை உண்டு. கொஞ்சம் வெல்லம் கரைத்து வீட்டிலேயே பழக்கிவிட்டால் எங்கேயும் குடிக்கும். காய்ந்த புல்லை நனைத்துக் கொடு, தூசி பறக்காது. இறங்கிய பின் மூன்று நாள் காலை மாலை காய்ச்சல் பார்க்க வேண்டும். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடு, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே.

ஏற்றும்போது முதலில் பின்கம்பி, பிறகுதான் தலைக்கயிறு. இறக்கும்போது முதலில் தலைக்கயிறு, பிறகு பின்கம்பி. தலை கட்டியிருக்கும்போது பின்பக்கம் திறந்திருந்தால் குதிரை பின்னால் பாயும், கயிறு இழுக்கும், அது இன்னும் மிரண்டு பாயும். காலும் கழுத்தும் முறிவது அங்கேதான். வீட்டில் எல்லாரையும் இதை மனப்பாடம் பண்ணச் சொல், முக்கியமாகச் சின்னவளை.

இனி அதை எப்படி ஏற்றுவது? நல்ல வெயிலிலிருந்து இருட்டுக்குள் பார்த்தால் குதிரையின் கண் பழகுவதற்கு நம்மைவிட நேரம் எடுக்கும். அதற்கு அது வண்டி இல்லை, அடி தெரியாத பொந்து. முன்கதவைத் திற, உள்ளே விளக்குப் போடு, உட்சுவருக்கு வெள்ளை அடி. வாய்க்கால் மேட்டு ஓரமாக வண்டியைப் பின்னுக்கு நிறுத்தினால் சாய்வுப் பலகை கிட்டத்தட்ட மட்டமாகிவிடும். அடுத்த சில நாள் வண்டி எங்கேயும் போக வேண்டாம், தீவனத்தை மட்டும் அதனருகே வை, பிறகு பலகை மேல், பிறகு உள்ளே. கயிற்றை லேசாகப் பிடி, ஒரு கால் முன்னால் வைத்த நொடியில் தளர்த்திவிடு. அந்தத் தளர்வுதான் அதற்குச் சம்பளம். பின்னால் சாட்டையோடு ஆள் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் உன் தெருவையும் அன்றைக்குத் தூர நிறுத்து. உள்ளே நின்று தின்னப் பழகியதும் எஞ்சினை ஓடவிடு, அப்புறம் தோட்டத்துக்குள் ஒரு சுற்று. மயக்க ஊசி போட்டு ஏற்றிவிடலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாயே, கேட்காதே. பயத்தோடு சேர்த்துக் காலின் பிடிப்பையும் அது எடுத்துவிடும். மருத்துவர் பார்த்து, வேறு வழியில்லை என்று அவரே சொன்னால் மட்டும் யோசிக்கலாம்.

தனியாகப் போவதும் அதற்குப் பெரிய கஷ்டம். துணைக் குதிரை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கண்ணாடியும் உதவும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், டிரெய்லருக்குள் முகத்துக்கு நேராகக் கண்ணாடி வைத்தபோது தனியாகப் போன குதிரைகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் தலையை ஆட்டுவதும் குறைந்தது. உடையாத அக்ரிலிக் கண்ணாடியாக வை. இரண்டு குதிரை டிரெய்லரில் ஒன்றை மட்டும் ஏற்றினால் வலப்பக்கம், ஓட்டுநர் பக்கம் நிறுத்து. நம் சாலை இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கும், பாரம் வலப்பக்கம் இருந்தால் வண்டி சமமாகப் போகும்.

மிச்சம் எல்லாம் ஓட்டுகிறவன் காலில். முன்பெல்லாம் கிண்டிப் பந்தயக் குதிரைகள் கோடை சீசனுக்கு ஊட்டி போனபோது குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறித்தான் போயின. அந்தக் குதிரைகளோடு போய்வந்த சைஸ்கள், அதாவது குதிரை பராமரிப்பவர்கள், சிலரிடம் முன்பு பேசியிருக்கிறேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதே, வண்டி நேரான பிறகுதான் ஆக்சிலேட்டர் என்பார்கள். ஆய்வுக் கட்டுரை எதையும் படிக்காதவர்கள், ஆனால் எழுத்துக்கு எழுத்து சரி. உன் தம்பிதான் ஓட்டப் போகிறான் என்றால், காலி டிரெய்லரில் அவனை நிற்க வைத்து, தோட்டத்துக்குள்ளேயே நீ மெதுவாக ஒரு சுற்று ஓட்டு. வெளியே சாலையில் வேண்டாம். அதற்குப் பிறகு அவனுக்கு நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்காது.

வெயிலில் கிளம்பாதே, விடியலுக்கு முன்னால் கிளம்பு. நிறுத்தினால் நிழலில் நிறுத்து. நின்ற வண்டி ஓடும் வண்டியைவிட வேகமாகச் சூடேறும்.

பட்டறையில் தகடு வெட்டுவதற்கு முன்னால் படத்தை எனக்கு அனுப்பு. அச்சின் இடம், உள்ளகலம், சாய்வுப் பலகையின் நீளம், இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். தீபாவளி முடிந்ததும் நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். தங்கச்சியிடம் இந்த முறையும் நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டதாகச் சொல். குதிரை விஷயத்தில் அவள் கோபம் ஆறாமல் இருந்தால் ஊறுகாயை மட்டும் நீயே கேட்டு வாங்கி வை.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்