தலையணை உறை

குன்னூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே நாலு நாளாக மழை. கல்லாறுக்கு மேலே மண் சரிந்து ரயில் ஓடவில்லை. பஸ்ஸில்தான் கோயம்புத்தூர் போய் வந்தேன். பர்லியாறு வருவதற்குள் வழக்கம்போல வாந்தி.

மேமோகிராமுக்குத்தான் போனேன், மார்பில் புற்றுநோய் இருக்கிறதா என்று அமுக்கி எடுக்கிற எக்ஸ்ரே. உன் பெரியம்மாவைப் பறிகொடுத்ததிலிருந்து நான் ஒரு வருஷமும் விட்டதில்லை. உனக்கும் நாற்பது ஆகிவிட்டது. மார்புக்குள் பை, அதுதான் இம்ப்ளான்ட், வைத்திருந்தால் படம் எடுக்க மாட்டோம் என்று ஓர் இடத்தில் திருப்பி அனுப்பினார்கள் என்றாயே, "அமுக்கினா வெடிச்சிடும்மா" என்றாயே, அதை டாக்டரம்மாவிடம் கேட்டேன். தெரிந்த பெண்ணுக்கு என்றுதான் சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

வெடிப்பது ரொம்ப அபூர்வமாம். பை சதையை மறைப்பதுதான் தொந்தரவு. படத்தில் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் லேசாக அமுக்கி ஒரு படம். பிறகு பையை நெஞ்சுப் பக்கம் தள்ளிவிட்டு, சதையை மட்டும் முன்னால் இழுத்து அமுக்கி இன்னொன்று. தலையணையை உள்ளே தள்ளிவிட்டு உறையின் முனையை மட்டும் பிடிக்கிறோமே, அப்படி. எக்லண்ட் என்ற டாக்டர் 1988-லேயே எழுதிவைத்த முறை. மற்றவர்களுக்குப் பக்கத்துக்கு 2 படம் என்பது உனக்கு 4 ஆகும், மொத்தம் 8. கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. போதும் என்றாயே, அது சிலிக்கோன் பை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன், மேமோகிராம் வேறு. வைத்து 5, 6 வருஷத்தில் ஒன்று, பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒன்று. அதையும் எடு. ஆனால் மேமோகிராம் கணக்கு அதில் தீராது. நடுவில் கட்டி தட்டுப்பட்டாலோ, ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ தேதி பார்த்துக்கொண்டு இருக்காதே.

தேதி வாங்க போன் பண்ணும்போதே இம்ப்ளான்ட் இருக்கிறது என்று சொல்லிவிடு. இப்படி எடுத்துப் பழக்கம் உண்டா என்றும் கேள். ஆபரேஷனப்போ கொடுத்த கார்டை எடுத்துக்கொண்டு போ. என்னிடம் மூன்று வருஷம் மறைத்தாய். எனக்கு இன்னும் கோபம்தான். அந்த டெக்னீஷியன் பெண்ணிடமாவது மறைக்காதே.

வெயில் வந்ததும் வர்க்கி அனுப்புகிறேன். தேதி கிடைத்ததும் ஒரு மெசேஜ் போடு. அன்றைக்கு நானும் பெங்களூர் வரட்டுமா? வாந்திக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

அம்மா