வெட்டுது என்பவர்களுக்கும் மினுங்கவில்லை என்பவர்களுக்கும்

திருக்கோணமலை

எங்கள் கடையில் பழைய சேவிங் றேசர் வாங்கிய, வாங்க நினைக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற கிழமை ஒரு தம்பி நாடியில் பஞ்சுத் துண்டு ஒட்டியபடியே கடைக்கு வந்தார். நான்கு நாட்களுக்கு முன் எங்களிடம் வாங்கிய, ஜில்லெட் டெக் என்கிற பழைய றேசரை மேசையில் வைத்து, "அண்ணா, இது வெட்டுது" என்றார். அடுத்த நாள் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து, "காசு கொடுத்து வாங்கினது தம்பி, ஒரு மினுக்கமும் இல்லை" என்றார். இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்து நீளமாகக் கதைத்தேன். கதைத்து முடிந்தபோதுதான் யோசித்தேன், இதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று. சொல்லாமல் விட்டது என் பிழை. அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் அந்தத் தம்பியின் விஷயம். கடையின் பின்பக்கக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, நுரை போட்டுச் சேவ் எடுக்கச் சொன்னேன். முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. கன்னம் பள்ளம் விழுகிற அளவுக்கு அழுத்துகிறார். இத்தனை வருடமாகப் பாவித்தது பிளாஸ்டிக் கைபிடியும் மூன்று நான்கு பிளேட்டும் உள்ள இந்தக் காலத்து றேசர். அதன் தலை முகத்தோடு சேர்ந்து தானாக வளைந்து கொடுக்கும். கோணத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். பழைய றேசரில் தலை அசையாது. ஒரே பிளேட். அதன் கனம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. கோணம் உங்கள் கையில்தான்.

கைபிடியின் நுனியை இரண்டு மூன்று விரலால் பிடியுங்கள். கைமுட்டி இறுகக் கூடாது. தலையின் மேல் மூடியை முதலில் கன்னத்தில் படவைத்து, கைபிடியை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள். பிளேட் மயிரைத் தொடுகிற இடத்தில் சரசரவென்று ஒரு சத்தம் வரும். பிளேட்டுக்கும் தோலுக்கும் ஏறக்குறைய முப்பது பாகை. அந்த இடத்தில் நிறுத்தி, றேசரின் சொந்தப் பாரத்தில் கீழே வரவிடுங்கள். பித்தளை றேசருக்கு உங்கள் பலம் தேவையில்லை. ஒரு அங்குலத்துக்கு மேல் ஒரே இழுப்பில் போக வேண்டாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகினால் கண்ணாடிகூட அவ்வளவு தேவைப்படாது. எங்கள் அம்மப்பா வாழ்நாள் முழுக்கக் கிணற்றடியில் கண்ணாடி இல்லாமல்தான் சேவ் எடுத்தார்.

அடுத்தது மயிர் வளர்கிற திசை. இரண்டு நாள் தாடியை விரலால் தடவிப் பாருங்கள்: எந்தப் பக்கம் தடவினால் வழுவழுப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு? கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். கழுத்தில்தான் சுழி. பலருக்கு அங்கே மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும். பஞ்சு ஒட்டிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் காயம் கழுத்தில்தான். முதல் சுற்று எப்போதும் மயிர் வளர்கிற பக்கமாக. மறுபடி நுரை போட்டு, இரண்டாவது சுற்று குறுக்காக. எதிர்ப்பக்கமாக எடுக்கும் மூன்றாவது சுற்று முதல் இரண்டு கிழமைக்கு வேண்டவே வேண்டாம். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும், யாரும் வந்து தடவிப் பார்க்கப் போவதில்லை.

நுரைக்கு பேணியில் வரும் ஃபோம் கூடாதென்று சொல்லமாட்டேன். ஆனால் பிரஷ்ஷும் சேவிங் சவர்க்காரமும் கிடைத்தால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். குளித்து முடித்த கையோடு எடுத்தால் மயிர் தண்ணீர் குடித்து மெத்தென்று இருக்கும். உவர்த் தண்ணீர்க் கிணறு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தண்ணீரில் நுரை எழும்பாது, வெள்ளை வெள்ளையாகத் திரளும். பிரஷ்ஷை நனைக்க மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள், அது போதும். முடிந்த பின் குளிர்ந்த தண்ணீரால் கழுவி, ஈர முகத்தில் சீனாக்காரக் கட்டியால் ஒரு தடவு. எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். சின்னக் கீறலில் இரத்தம் கசிவதையும் அது நிறுத்தும், பஞ்சு தேவைப்படாது.

பிளேட் விஷயத்தில் ஆளுக்கு ஆள் மாறும். ஜப்பானின் ஃபெதர் மிகவும் கூர்மை, பழகின கைக்கு நல்லது. முதல் தடவைக்கு ஊரில் பாமசியில் கிடைக்கிற சாதாரண ஸ்டெயின்லெஸ் பிளேட்டே போதும். நான்கைந்து சேவுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிடித்து இழுக்கத் தொடங்கினால் அன்றைக்கே மாற்றுங்கள். கூர் போன பிளேட்தான் அதிகம் வெட்டும், ஏனென்றால் அப்போதுதான் அழுத்தத் தோன்றும். பாவித்த பிளேட்டைக் குப்பைப் பையில் போடாதீர்கள். அதை அள்ளுகிறவருக்கும் கை இருக்கிறது. காலிப் பால்பேணி ஒன்றில் மெல்லிய வெட்டுப் போட்டு அதற்குள் தள்ளி வையுங்கள். ஒரு பேணி நிறைய வருடக்கணக்காகும்.

இனி ஐயாவின் விஷயம், மினுக்கம்.

இந்த ஊரில் பழைய றேசர்கள் கிடைப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கேதான் இருந்தது. துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், கிளாக்கர்மார், பள்ளிக்கூட வாத்திமார் என்று அன்றைக்குச் சம்பளம் எடுத்தவர்களின் வீட்டு அலுமாரிகளில் ஒன்றாவது கிடக்கும். எங்களுக்கு வருபவற்றில் கூடுதலானவை 'இங்கிலாந்தில் செய்தது' என்று அடியில் பொறித்த மூன்று துண்டு றேசர்கள்: மூடி, அடித்தட்டு, கைபிடி. சிலர் வெளிநாடு போகுமுன் வீட்டைக் காலி பண்ணும்போது பிஸ்கட் பேணியோடு கொண்டுவந்து தருவார்கள். உள்ளே றேசரோடு பழைய தாயக்கட்டையும் நாலு பொத்தானும் இருக்கும்.

இந்த மூன்று துண்டு அமைப்புதான் ஆதி அமைப்பு. அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை எடுத்தது இதற்குத்தான். விற்பனைக்கு வந்த முதல் வருடமான 1903இல் போனது 51 றேசரும் 168 பிளேட்டும் மட்டும். அடுத்த வருடம் 90,000 றேசருக்கு மேல். எங்கள் கடையின் முதல் வருடக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்த 51ஐ நினைத்துக்கொள்வேன். பாவிக்க இலகுவானது 1938இல் வந்த டெக். தட்டின் ஓரம் சீப்புப் பல்லாக இல்லாமல் நேர்ப்பட்டையாக இருக்கும், முகத்துக்கு மென்மை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் எடுத்துத் தருவது எப்போதும் இதைத்தான். இதைவிட விலை கூடினதைக் கேட்டாலும் இதைத்தான் காட்டுவேன். கைபிடியின் அடியைத் திருக மேலே இரண்டு கதவும் திறக்கிற வகை பார்க்க வடிவு, பிளேட் மாற்றச் சுகம். ஆனால் ஒருமுறை சீமெந்துத் தரையில் விழுந்தால் கதவு கோணும். வழிக்கும் கடுமையைக் கூட்டிக் குறைக்க 1 முதல் 9 வரை எண் போட்ட வகை அபூர்வமாக வரும். வாங்கினால் 3இல் தொடங்குங்கள், கதவைச் சற்றுத் தளர்த்திவிட்டு எண்ணைத் திருப்புங்கள். அமெரிக்காவில் செய்தவற்றில் 1950 தொடக்கம் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் இருக்கும், எழுத்து வருடம், இலக்கம் காலாண்டு. 'எஃப் 2' என்றால் 1960இன் இரண்டாம் காலாண்டு. மகன் பிறந்த வருடத்து றேசர் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு; சொல்லி வையுங்கள், வந்தால் அழைக்கிறேன்.

வாங்கும்போது நான் பார்ப்பது மினுக்கத்தை அல்ல. அடித்தட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடிப்பேன், இடையில் வெளிச்சம் கசிந்தால் தட்டு வளைந்திருக்கிறது. பிளேட்டைப் போட்டு இறுக்கி, இரண்டு பக்கமும் அது ஒரே அளவு வெளியே நிற்கிறதா என்று பக்கவாட்டில் பார்ப்பேன். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் கூடின பக்கம் வெட்டும், குறைந்த பக்கம் வழிக்காது. திருகுப் புரி தேய்ந்திருக்கிறதா, 1930க்கு முந்திய கைபிடிகளில் கழுத்தடியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, இவ்வளவும் சரியென்றால்தான் காசு எண்ணுவேன். உங்கள் றேசரையும் வீட்டில் இப்படிப் பார்க்கலாம், அந்தத் தம்பியின் டெக்கை அவர் கண் முன்னாலேயே பார்த்துக் காட்டினேன். அதில் குறை இல்லை.

மேலே படிந்திருப்பது பெரும்பாலும் காய்ந்த சவர்க்கார ஊத்தையும் சுண்ணாம்பும்தான். சூடான தண்ணீரில், கொதிக்கிற தண்ணீரில் அல்ல, பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து, மெத்தென்ற பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் முக்கால்வாசி போய்விடும். பிறகு சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டு எடுத்துக் காயவைக்கிறோம். ஊத்தை போகாமல் ஸ்பிரிட்டில் போட்டுப் பிரயோசனம் இல்லை, அதனால் இந்த ஒழுங்கு மாறாது. பழைய ஆள் பாவித்ததுதானே என்று அருவருப்பவர்களுக்கு: முகத்தில் படும் கூர் புதுப் பிளேட்டுடையது. ஆனால் வீட்டில் ஒரு றேசரை இரண்டு பேர் பாவிக்காதீர்கள், பிளேட் மாற்றினாலும். மஞ்சட்காமாலை வைரசுகளில் இரண்டு, பி-யும் சி-யும், இரத்தத்தால் தொற்றுபவை.

அதற்கு மேல் நாங்கள் தேய்ப்பதில்லை. காரணம் ஒரு அனுபவம். கடை தொடங்குமுன் அம்மப்பாவின் தங்கமுலாம் பூசிய செட்டை மினுக்கித் தருகிறேன் என்று எடுத்தேன். பித்தளைப் பாத்திரம் மினுக்குகிற திரவத்தால் நன்றாகத் தேய்த்தேன். துணியில் கறுப்பாக வர வர எனக்குச் சந்தோஷம், ஊத்தை போகிறதே என்று. போனது ஊத்தை இல்லை. அந்தத் தங்கம் கைபட்டாலே தேய்கிற அளவுக்கு மெல்லிய பூச்சு. பத்து நிமிடத்தில் முழுதும் பித்தளை. அம்மம்மா பார்த்துவிட்டு, "நல்லா மினுங்குது" என்றார். அவருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்னொரு முறை, இரண்டாம் உலக யுத்தகாலத்துத் தட்டுப்பாட்டில் நாகக் (சிங்க்) கலவையில் வார்த்த தலை ஒன்றை வினாகிரியில் ஊறவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அது சொறி பிடித்தமாதிரி இருந்தது. ஆகவே வினாகிரி, தேசிக்காய், சாம்பல், இரும்புத் தும்பு ஒன்றும் வேண்டாம்.

உள்ளே பித்தளை வெளித்தெரிகிற அளவுக்குத் தேய்ந்தவற்றை மட்டும் கொழும்புக்கு அனுப்பி நிக்கல் முலாம் பூசி எடுக்கிறோம். விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாவது அதனால்தான். நிக்கல் சிலரின் தோலுக்கு ஒத்துவராது. கைக்கடிகாரம் கட்டினால் சொறிகிறவர்கள் முதலிலேயே சொல்லுங்கள், குரோம் பூச்சு உள்ளதைத் தேடித் தருகிறேன். ஐயாவிடம் நான் சொன்னதும் இதுதான்: உங்களுடையதில் பூச்சு முழுதாக இருக்கிறது, மங்கியிருக்கிறது. மினுக்கம் வேண்டுமானால் முலாம் போடலாம், சேவ் அதே சேவ்தான். அவர் யோசித்துவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போனார்.

கடற்காற்று உப்பு நம் ஊரில் எதையும் விடாது. சேவ் முடிந்ததும் தலையைக் கழற்றிக் கழுவி, உதறி, குளியலறைக்கு வெளியே காற்றுப்படுகிற இடத்தில் வையுங்கள். பிளேட்டைத் துணியால் துடைக்காதீர்கள், துணியும் போகும், கூரும் போகும், விரலும் போகும். கனடாவுக்கும் லண்டனுக்கும் பரிசாக வாங்கிப் போகிறவர்கள் பிளேட்டைக் கைப்பையில் வைக்க வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பெட்டிக்குள் போகலாம்.

ரோல்ஸ் றேசர் கேட்டு அடிக்கடி அழைப்பு வருகிறது. பெட்டியின் ஒரு மூடியில் சாணைக்கல்லும் மறு மூடியில் தோலும் உள்ள, டக் டக்கென்று முன்னும் பின்னும் தள்ளித் தீட்டுகிற அந்த இங்கிலாந்துச் செட்தான். இரண்டு இருக்கிறது. அலுமாரியில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் தருகிறேன். சேவ் எடுக்கத் தரமாட்டேன்: இத்தனை வருடம் தீட்டித் தேய்ந்த கூருக்கு நான் பொறுப்பெடுக்க முடியாது. ஒற்றைக் கூர் பிளேட் போடுகிற ஜெம், எவர்ரெடி வகைகளும் அப்படித்தான். றேசர் நல்லது, பிளேட்டுக்கு இங்கே எங்கே போவீர்கள்?

வாங்கி முப்பது நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் கொண்டுவாருங்கள், முழுக் காசும் தருவோம். ஒரேயொரு நிபந்தனை, கடைக் கண்ணாடிக்கு முன்னால் ஒருமுறை எனக்குச் சேவ் எடுத்துக் காட்ட வேண்டும். சவர்க்காரமும் பிளேட்டும் எங்களுடையது. சனிக்கிழமை காலை என்றால் கூட்டம் குறைவு. அந்தத் தம்பியும் இந்தச் சனி வருகிறேன் என்றிருக்கிறார், கழுத்துப் பக்கம் இன்னும் சரிவரவில்லையாம்.

அன்புடன்,
கடைக்காரர்