பங்குனி வெயிலும் தொட்டிச் செடியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு எல்லாப் பக்கமிருந்தும் வரும் யோசனை ஒன்றுதான்: செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். இந்த யோசனையாலேயே மாடித் தோட்டங்களில் எத்தனையோ நல்ல செடிகள் அழுகிப் போகின்றன.

மதியம் பன்னிரண்டு மணிக்குப் பூசணி, பீர்க்கு இலைகள் துவண்டு தொங்கும். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை வழியே ஆவியாகும் வேகம் கூடிவிடுவதுதான் காரணம். மண்ணில் நல்ல ஈரம் இருந்தாலும் இந்த வாட்டம் வரும், வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிரும். பதறிப்போய் அந்த நேரத்தில் ஊற்றினால், ஏற்கெனவே ஈரமாகவும் சூடாகவும் இருக்கும் மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் போகிறது. செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்பதைக் காலை ஆறு மணிக்குத்தான் பார்க்க வேண்டும். அப்போதும் துவண்டிருந்தால் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரம் ஒட்டினால் அது பெரும்பாலும் வேரழுகலோ வாடல் நோயோதான். ஊற்ற ஊற்ற நிலைமை மோசமாகும்.

ஊற்றுவதைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். தொட்டியின் அடித்துளையில் நீர் கசியும்வரை நிதானமாக ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளித்துவிட்டுப் போனால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே தங்கிவிடும். மாலையில் ஊற்றுவதானால், ஹோஸுக்குள் வெயிலில் கிடந்த சுடுதண்ணீரை முதலில் வாளியில் பிடித்துவிட்டுப் பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

தண்ணீரைவிட மூடாக்குக்கு முக்கியத்துவம் கொடுக்கலாம். காய்ந்த சருகோ கரும்புச் சோகையோ இரண்டு, மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் போதும். தண்டைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். தொட்டியை வெறும் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் காங்கிரீட் சூடு நேராக வேருக்கு ஏறாது. பச்சை வலை வாங்குபவர்கள் காய்கறிக்கு 35 சதவீத நிழல் வலையோ, மிஞ்சிப்போனால் 50 சதவீதமோ கேட்டு வாங்க வேண்டும். நிழல் அதிகம் கிடைக்கட்டும் என்று 75 சதவீத வலை கட்டிய வீடுகளில்தான் கொடி நெடுநெடுவென்று வளர்ந்து, பூ வராமல் நிற்கிறது.

கோடையில் பல ஊர்களில் போர் தண்ணீரின் உப்பு கூடும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு, இலை ஓரத்தில் கருகல் இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது உப்புதான். சத்துக் குறைவென்று நினைத்து உரம் போட்டால் உப்பு மேலும் ஏறும். மேல்மண்ணை ஓர் அங்குலம் வழித்து எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரைத் தாராளமாக விட்டு அடித்துளை வழியே கழுவிவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு விடவே வேண்டாம்.

தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறதே என்று இந்த மாதங்களில் எல்லோரும் வருந்துகிறார்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் அதன் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். டானிக் வாங்கித் தெளிப்பது காசுக்குக் கேடு. வெயிலுக்கு ஏற்றவை வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை, கொடிக்காய்கள். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் நாற்பத்தைந்து நாளில் காய் பறிக்கலாம். ஆனால் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு நோய் கோடை வெண்டையை அதிகம் தாக்கும். இலை நரம்புகள் வலைபோல் மஞ்சளானதும் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், மருந்து கிடையாது. வெள்ளை ஈக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலுடன் கலந்து, மாலையில் மட்டும், இலையின் அடிப்புறம் படும்படி தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

கொடிக்காய்களில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். பாகலும் பூசணியும் விடியற்காலையில் மலரும். பீர்க்கும் சுரையும் மாலையில். பீர்க்கம்பூவுக்குக் காலையில் கையால் மகரந்தம் சேர்த்துப் பலனில்லை. ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பின்னால் குட்டிக்காய் உள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுத் தடவினால் போதும். பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்ததும் காகிதப் பையோ பழைய மெல்லிய துணியோ கட்டிவிட்டால் பழ ஈ துளைக்காது. துளைபட்ட காயை உரக்குழியில் போடாதீர்கள். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டால்தான் உள்ளே உள்ள புழு சாகும். மாமரத்தடியில் உதிரும் புழுப் பழங்களுக்கும் இதேதான்.

மாம்பிஞ்சு ஓரளவு உதிர்வது இயற்கை. எலுமிச்சையும் மாதுளையும் வெடிப்பதற்குப் பல நேரம் காரணம், மண்ணை நாள்கணக்கில் காயவிட்டு ஒரேயடியாக நனைப்பது. வாழை குலை தள்ளியிருந்தால் சித்திரைக் காற்றுக்கு முன்பே முட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

ஆடிப் பட்டத்துக்கு நாளிதழ்களில் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. கோடைக்காக விதைக்கும் மாசிப் பட்டத்தைப் பற்றி எழுதுவார் இல்லை. கோடைக் குறிப்புகள் அக்னி நட்சத்திரத்தில் அச்சானால் விதைப்புக் காலமே முடிந்துபோயிருக்கும். தை மாதக் கடைசியிலேயே அவற்றை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்ட வாசகர்,
மதுரை