அடுத்த தை வேட்டி சேலைக்கு இப்போதே பேசுங்க: எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம்

எம்.எல்.ஏ. அவர்களுக்கு வணக்கமுங்க.

பொங்கல் நோம்பி, அதாவது பண்டிகை, நல்லபடியாக முடிந்தது. காப்புக் கட்டு அன்றைக்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் விற்கிறவர்களிடம் நின்று பேசினீர்கள். மாட்டுப் பொங்கலுக்குப் பட்டி பட்டியாகப் போனீர்கள். பூப்பறிக்கிற நோம்பிக்குப் பிள்ளைகள் போகிற ஆற்றங்கரைப் பாதையில் முன்கூட்டியே விளக்குப் போட்டுக் கொடுத்தீர்கள். சொந்த வீட்டு நோம்பியை விட்டுவிட்டு ஊர் நோம்பிக்கு வந்ததற்கு நன்றிங்க.

நான் எழுத வந்தது, ரேஷன் கடையில் உங்கள் கையால் கொடுத்த அரசின் இலவச வேட்டி சேலையைப் பற்றி.

அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா, சேலை கைக்கு வந்ததும் மடிப்பைப் பிரித்து, கரையோரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் வெளிச்சத்தில் பிடித்து, ஊடை (குறுக்கு இழை) நெருக்கமாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றுப்பாட்டுக்குத் தறியில் நின்றவர்கள் துணியை அப்படித்தான் பார்ப்பார்கள். வாங்குகிறவரும் நெய்கிறவரும் ஒரே தெருக்காரர் என்பது நம்ம ஊரில் சாதாரணம்.

1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய திட்டம் இது. இல்லாதவர்களுக்குப் பொங்கலுக்குப் புதுத்துணி, நெசவாளிக்குத் தொடர்ச்சியாக வேலை, இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் கொண்டு வந்தார்கள். 2024 பொங்கலுக்குச் சேலை ஒன்றரைக் கோடிக்கு மேல், வேட்டியும் ஏறக்குறைய அதே அளவு. அதில் பெரும்பங்கு ஈரோடு, திருச்செங்கோடு, திருப்பூர் வட்டாரத்துத் தறிகளில் ஓடுவது. ரயான் விலை விழுந்து மார்க்கெட் படுத்துக் கிடக்கிற மாதங்களில் எங்கள் அடுப்பு எரிய இந்த ஆர்டர்தான் காரணம்.

முதல் நோக்கம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, போட்டோவிலும் வருகிறது. இரண்டாவது நோக்கம் ஆர்டர் எந்த மாதம் வருகிறது என்பதில் இருக்கிறது.

ஆனி ஆடியில் ஆர்டர் கைக்கு வந்தால் நிதானமாக நெய்யலாம். நெசவாளர் சங்கத்துக்கு நூல் வர வேண்டும், பாவு (நெடுக்கு இழை) ஓட்ட வேண்டும், தறியில் இருக்கிற ரயான் பாவை முடித்துவிட்டுப் புதுப் பாவு பிணைக்க வேண்டும். பித்தானை அமுக்கினால் மாறுகிற வேலை இல்லைங்க. ஆர்டர் தள்ளிப்போனால் இவ்வளவையும் நெருக்கி நெருக்கிச் செய்ய வேண்டியிருக்கிறது. நூல் ஒரு வாரம் வரும், அடுத்த வாரம் வராது. வந்த வாரம் ராத்திரி ஷிப்டும் ஓட்டுவோம், வராத வாரம் தறி சும்மா நிற்கும், கூலியும் நிற்கும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற தறியில் இழை அறுந்தது தெரியாமல் இரண்டு முழம் ஓடிவிடும். அந்த அம்மா தேய்த்துப் பார்க்கிற கரை அங்கேதான் கெடுகிறது. சில வருடம் தை பிறந்த பிறகும் துணி கடைக்கு வந்து சேர்வதில்லை. நோம்பி முடிந்து கிடைக்கிற சேலையை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் நோம்பிக்குப் பழசையே துவைத்துக் கட்டியிருப்பார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். பட்ஜெட் முடிந்து கைத்தறி, துணிநூல் துறை தன் செலவுக்குப் பணம் கேட்கிற மானியக் கோரிக்கை சபைக்கு வரும்போது எழுந்து பேசுங்க. அடுத்த பொங்கல் துணிக்கு எந்த மாதம் ஆர்டர், எந்த மாதம் நூல் என்று மாதத்தின் பேரையே சொல்லும்படி கேளுங்க. "பரிசீலிக்கப்படும்" என்கிற பதிலோடு உட்கார்ந்துவிடாதீர்கள். அமைச்சர் சபையில் வாக்குக் கொடுத்தால் அது நடந்ததா என்று பார்க்கச் சட்டமன்றத்திலேயே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பிடித்துக்கொள்ள ஒரு தேதி வாங்கிவிட்டால் அப்புறம் அந்தக் குழு கேட்கும், நாங்களும் கேட்போம். எந்தக் கட்சி ஆண்டாலும் இதைக் கேட்கலாம், இதில் யாருக்கும் மனக்கசப்பு வரவும் வேண்டியதில்லை.

சபை மனசு வைத்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. கோவை வ.உ.சி. மைதானத்தில் பிள்ளைகள் ராப்பகலாக உட்கார்ந்திருந்த அந்தத் தையில், 2017 ஜனவரி 23 அன்று, ஜல்லிக்கட்டுக்கான சட்டத் திருத்தம் ஒரே நாளில் நிறைவேறியது. காங்கேயம் காளை வளர்க்கிற எங்கள் சொந்தக்காரர்கள் அன்றைக்குக் கண்கலங்கினார்கள். தறிக்காரனுக்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். இருக்கிற திட்டம் மாதம் தவறாமல் ஓடினால் போதும்.

கேள்வி எழுதிக் கொடுக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடோனுக்கு வாங்க. போன வருடம் நூல் எப்போது வந்தது, தறி எந்தெந்த வாரம் நின்றது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அதை நகல் எடுத்து உங்கள் கையில் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதித் தறிக்காரன்,
ஈரோடு மாவட்டம்.