கில்பிரைடிலிருந்து ஒரு கடிதம்

ஈஸ்ட் கில்பிரைடு,
ஸ்காட்லாந்து.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே?

அண்ணன் அனுப்பிய பருப்புப் பொடி ஒருவழியாக வந்து சேர்ந்தது. பின்கோடும் போடாமல், 'ஈஸ்ட்' என்பதும் இல்லாமல், வெறும் கில்பிரைடு என்று எழுதியிருக்கிறான். தபால்காரர் மகன் செய்கிற வேலையா இது? மேற்கே கடலோரத்தில் வெஸ்ட் கில்பிரைடு என்று இன்னோர் ஊர் இருக்கிறது. அயர்லாந்திலோ தடுக்கி விழுந்தால் கில்பிரைடு. கேலிக் மொழியில் 'கில்' என்றால் தேவாலயம். பிரைடு என்பது புனித பிரிஜித். அயர்லாந்தின் கில்டேரில் மடம் நிறுவிய துறவி, பிப்ரவரி 1 அவருடைய திருநாள். அவர் பெயரில் ஆலயம் எழுந்த இடமெல்லாம் கில்பிரைடு ஆகிவிட்டது. கில்மார்னக், கில்வின்னிங் எல்லாம் இதே வழிதான். கில்மார்னக் ஜானி வாக்கர் விஸ்கி பிறந்த ஊர் என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். புனித மார்னக் என்ன நினைப்பாரோ!

பெயர்தான் பழசு. கிளாஸ்கோவின் நெரிசலைக் குறைக்க 1947இல் அரசு அறிவித்த, ஸ்காட்லாந்தின் முதல் புதுநகரம் இது. எங்கே திரும்பினாலும் ரவுண்டானா. நடுவில் ஓட்டை போட்ட போலோ மிட்டாயின் பெயரைச் சொல்லி ஊரையே கேலி செய்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டில் ஒரு பாட்டி இருக்கிறார், அவருக்குக் குடும்பப் பெயரே கில்பிரைடு. "இந்த ஊர்ப் பெயரா?" என்று கேட்டதுதான் தாமதம், ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை கட்டிய கையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். தன் முன்னோர் அயர்லாந்துக்காரர்களாம். தன் பெயரில் இருப்பது தேவாலயம் இல்லை, 'கில்லா', அதாவது அடியவன் என்றார். பிரிஜித்தின் அடியவனுக்குப் பிறந்தவன் என்று நீளமாக இருந்த பெயர் ஆங்கிலத்தில் எழுதும்போது சிலருக்கு மாக்பிரைடு ஆயிற்று, சிலருக்குக் கில்பிரைடு. நம் தெருவில் பழனியும் பழனியாண்டியும் இருப்பதுபோலத்தான். கில்பாட்ரிக் போல, ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டவர்களும் இங்கே உண்டு.

அதோடு விட்டாரா? என் பேட்ஜைப் பார்த்து, "சிதம்பரம் என்றால்?" என்றார். அது எங்கள் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர். கோயிலுள்ள ஓர் ஊரின் பெயரும் அதுவே என்றேன். அன்றிலிருந்து வார்டு முழுக்க என்னை "சிதம்பரம்" என்றே கூப்பிடுகிறார்கள். வீட்டில் உங்கள் பெயரைச் சொல்லக்கூட அம்மா விடமாட்டார். இங்கே மாத்திரை கேட்பவர்களெல்லாம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்!

மழை ஓயவில்லை. இரவுப் பணிக்கு பஸ் பிடிக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்பு மகள்