எத்தனை மணி நேரம் ஆகும் என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் வரும் தையல், எம்பிராய்டரி பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். படம் தெளிவாக இருக்கிறது, அளவுகள் சரியாக இருக்கின்றன, எந்த நூல், எந்த நம்பர் ஊசி என்பது வரைக்கும் போடுகிறீர்கள். ஒன்று மட்டும் எந்த வாரமும் வருவதில்லை: அதைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது. "வீட்டு வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் எளிதாகச் செய்யலாம்" என்ற வரி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. வீட்டு வேலை என்று ஒன்று முடிந்துபோவதே கிடையாது, வீட்டை நடத்துகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வரியை நம்பித் துணியும் நூலும் வாங்கிய எத்தனையோ பேருடைய அலமாரியில் பாதி பூ போட்ட தலையணை உறையும் கைப்பகுதி இன்னும் தைக்காத சட்டையும் கிடக்கின்றன, அதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குப் பொறுமை போதாது, நமக்குச் சோம்பல் என்று அவர்கள் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நேரத்தைக் கணக்குப் போடுவது ஒன்றும் புதிதில்லை. 1860 வாக்கில் அமெரிக்காவில் தையல் மெஷின் தயாரித்த நிறுவனம் ஒன்று, இன்ன உடுப்பைக் கையால் தைத்தால் இவ்வளவு நேரம், மெஷினில் தைத்தால் இவ்வளவு நேரம் என்று ஒரு பட்டியலே போட்டது. ஆண்கள் சட்டை ஒன்றுக்குக் கையால் 14 மணி 26 நிமிடம், மெஷினில் 1 மணி 16 நிமிடம். மெஷினை விற்பதற்காகப் போட்ட கணக்குதான், சரி. ஆனாலும் ஒரு சட்டைக்குள் எத்தனை மணி நேரம் அடங்கியிருக்கிறது என்று நிமிடம் வரைக்கும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். இப்போது மோட்டார் மெஷின் வந்து ஓட்டுகிற வேலை இன்னும் வேகமாகிவிட்டது. ஆனால் அளவெடுப்பது, காட்டன் துணியை முதலில் நனைத்துக் காயவைப்பது, அயர்ன் செய்வது, வெட்டுவது, கொக்கி வைப்பது, ஓரம் ஹெம்மிங் செய்வது எல்லாம் இன்னமும் கையால்தான் நடக்கின்றன, வீட்டில் தைக்கிறவர்களுக்கு நேரம் போவது பெரும்பாலும் இவற்றில்தான்.

தைக்க நேரம் கிடைப்பதில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த வேலைக்கு யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும், எந்த வேலையைக் கூப்பிட்டதும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

வெட்டுவதற்கு யாரும் கூப்பிடக் கூடாது. மேசையோ தரையோ முழுசாக வேண்டும், துணியை இழை நேராக இருக்கும்படி விரிக்க வேண்டும், மடித்தால் விளிம்போடு விளிம்பு பொருந்த வேண்டும், வெட்டுவதற்கான காகித மாதிரியை, அதாவது பேட்டர்னை, வைத்துக் குண்டூசி குத்தி, தையலுக்கு விடுகிற துணியையும் சேர்த்துக் கோடு போட்டு, அப்புறம்தான் கத்தரியைத் தொட வேண்டும். இதற்கு நடுவில் ஒருவர் வண்டிச் சாவி எங்கே என்று கேட்பார், இன்னொருவர் விரித்த துணியைத் தாண்டிப் போவார், முன்பக்கத்துக்குச் சேர்த்த அரை இன்ச் பின்பக்கத்துக்கு விட்டுப்போகும், துணி போனது போனதுதான். தைத்ததைப் பிரித்துவிடலாம், வெட்டியதை என்ன செய்ய? ஆகவே வெட்டுகிற நாளில் இரண்டு மணி நேரம் வீட்டை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், கதவு தட்டினாலும் போன் அடித்தாலும் அவர்தான் போக வேண்டும். பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைக்கிறோம் அல்லவா, அந்த மரியாதை இதற்கும் உண்டு. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். நாம்தான் கேட்காமல், எல்லோரும் படுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, நாள் முழுக்க உழைத்து ஓய்ந்த கண்ணோடு கத்தரியை எடுக்கிறோம். ஒரே உட்காரலில் இரண்டு மூன்று உடுப்புகளை வெட்டி, ஒவ்வொன்றையும் அதன் லைனிங், ஜிப், அதே நிற நூற்கண்டோடு தனித்தனிக் கவரில் போட்டுவிட்டால் அப்புறம் பல நாளைக்குக் கத்தரி எடுக்க வேண்டியதில்லை.

மெஷின் வேலை நடுவாந்தரம். அடிநூலுக்கான சின்ன உருளைகளை, அதாவது பாபின்களை, முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொண்டால் கால் மணி நேரம் கிடைத்தாலும் ஒரு பக்கத் தையல் ஓட்டிவிடலாம். மெஷினை ஒவ்வொரு தடவையும் தூக்கி வைத்துத் திரும்ப எடுக்கிற வீட்டில் அந்தக் கால் மணி நேரம் எடுத்து வைப்பதிலேயே போய்விடும். அதனால் சின்ன மூலையாக இருந்தாலும் போதும், மெஷினை எடுக்காமல் அப்படியே வைத்திருக்க இடம் ஒன்று வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் எழுந்து போகும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், குண்டூசிகளை எண்ணி டப்பாவில் போட வேண்டும், இதில் சமரசமே கூடாது.

கை எம்பிராய்டரிதான் குடும்பத்தோடு ஒத்துப்போகிற வேலை. மடியில் துணியை இழுத்துப் பிடிக்கிற வட்ட ஃப்ரேம் ஒன்று, பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, அவ்வளவுதான். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் இருக்கலாம், பெரியவர்களிடம் பேசிக்கொண்டே செய்யலாம், டாக்டர் கூப்பிடுகிற வரைக்கும் காத்திருக்கும் நேரத்திலும் செய்யலாம். ஆனால் அதிலும் எல்லாம் ஒன்றுபோல இல்லை. சங்கிலித் தையல், காம்புத் தையல், இலையை நிரப்புவது எல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடும். டிசைனை டிரேஸ் எடுப்பதும், துணியின் கட்டங்களை எண்ணிப் பெருக்கல் குறி போலத் தைக்கிற கிராஸ் ஸ்டிச்சில் கட்டம் எண்ணுவதும் அப்படி வராது, அவற்றை வீடு அடங்கிய நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். விட்டு விட்டுச் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்களை உங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. காற்றிலேயே தானாக மறையும் மார்க்கரில் டிசைன் வரைந்தால், இரண்டு நாள் கழித்துத் துணியை எடுக்கும்போது கோடே இருக்காது. தண்ணீரில் போகிற மார்க்கர்தான் நமக்கு ஆகும், அதையும் கழுவிய பிறகே அயர்ன் செய்ய வேண்டும், சூடு பட்டால் அந்த மை துணியிலேயே தங்கிவிடும். ஃப்ரேமை அப்படியே விட்டுப்போனால் வட்டமாகத் தடம் விழும், ஊசியைத் துணியில் குத்தியே பல நாள் வைத்தால் துரு ஏறும். நூல் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும், ஏறக்குறைய 18 இன்ச், இருந்தால் போதும், அதற்கு மேல் நீளமாக எடுத்தால் முறுக்கிச் சிக்கு விழுந்து, கிடைத்த நேரம் அதைப் பிரிப்பதில் போகும். ஆறு இழை நூலில் இரண்டிரண்டு இழையாகப் பிரித்து நாலைந்து ஊசியில் கோத்து வைத்துவிட்டால் எடுத்ததும் வேலை ஓடும். எழுந்து போகும் முன் அடுத்து என்ன நிறம், எந்த இதழ் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போடுவது என் வழக்கம், எத்தனை நாள் கழித்து எடுத்தாலும் யோசிக்காமல் தொடரலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் தைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் கிழிந்தது, ஜிப் போனது, நீளம் குறைக்க வேண்டியது எல்லாம் அவரிடமே வந்து குவிகிறது. அவர் ஆசைப்பட்டுத் தொடங்கியது அடியில் போய்விடுகிறது. "நீ எப்படியும் மெஷினில் உட்காரத்தானே போகிறாய், இதையும் ஒரு ஓட்டு ஓட்டிவிடு" என்று கேட்கிறவர்களுக்கு, நூல் மாற்றி, பழைய தையலைப் பிரித்து, அயர்ன் செய்து, திரும்ப அடிப்பது எவ்வளவு வேலை என்று தெரிவதில்லை. ரிப்பேருக்கென்று ஒரு கூடை வைத்து, வாரத்தில் ஒரு நாள் மட்டும் அதைத் தொடுவது என்று வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. பட்டன் தைப்பதும் பிரிந்த ஓரத்தைக் கையால் அடிப்பதும் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான், தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும், இதைக் கற்றுக்கொடுக்க ஒரு மாலை போதாதா? உறவினர்களுக்கும் இதே பேச்சுதான். தைத்துத் தருகிறேன் என்றால் எந்த மாதம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நீங்கள் போடும் ஒவ்வொரு டிசைனோடும் மூன்று தகவல்களைச் சேருங்கள். புதிதாகச் செய்கிறவருக்கு எத்தனை மணி நேரம், பழகியவருக்கு எத்தனை மணி நேரம் என்பது ஒன்று. எந்தக் கட்டத்தில் தாராளமாக நிறுத்தி வைக்கலாம் என்பது இன்னொன்று. யாரும் கூப்பிடாத நேரம் எந்தப் பகுதிக்கு வேண்டும் என்பது மூன்றாவது. டிசைன் அனுப்புகிறவர்கள் இதைக் குறித்து அனுப்பினால் போதும், அதிக இடம் பிடிக்காது. செய்து பார்த்த வாசகர்கள் தங்களுக்கு ஆன நேரத்தை எழுதி அனுப்பினால் அதையும் போடலாம், ஒருவர் 10 மணி நேரம் என்பார், இன்னொருவர் 25 என்பார், கைக்குழந்தை வைத்திருப்பவர் இரண்டு மாதம் என்பார், மூன்றுமே உண்மையான கணக்குதான்.

அடுத்த இதழில் கிராஸ் ஸ்டிச் மேசை விரிப்பு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்கிவிடுங்கள். கட்டம் எண்ண வேண்டிய பகுதி எவ்வளவு, ஒரே நிறத்தில் நிரப்பிக்கொண்டே போகிற பகுதி எவ்வளவு என்று தெரிந்தால் போதும், அதைப் பார்த்துவிட்டு நூல் வாங்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி