கூகுளில் முதல் இடம்: பணம் கட்டும் முன் இலவசக் கருவிகளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறையைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் காட்டிலும் விளையும் மலைப்பூண்டை வெப்சைட் மூலம் நேரடியாக விற்கிறோம். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கொஞ்ச காலமாக இங்கே ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கும், காபி, தேன், பூண்டு விற்பவர்களுக்கும் ஒரே மாதிரி போன் வருகிறது. "கூகுளில் உங்களை முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம், மாதா மாதம் இவ்வளவு கட்டுங்கள்" என்கிறார்கள். மலையில் இருப்பவர்கள் பணத்தைக் கொடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கூகுளே தன் வழிகாட்டுதலில் இதைச் சொல்லியிருக்கிறது. பணம் கட்டினால் விளம்பரம் என்ற அடையாளத்தோடு மேலே வரலாம். சாதாரண முடிவுகளின் வரிசையில் அந்தப் பணத்துக்கு வேலை இல்லை.

வில்பட்டியில் ஹோம்ஸ்டே நடத்தும் என் மாமாவிடம் ஒருவர் பல மாதங்கள் பணம் வாங்கினார். முன்னேற்றம் தெரிகிறதா என்று கேட்டால், "உங்கள் ஹோம்ஸ்டே பெயரைப் போட்டுத் தேடுங்கள், முதலில் வருகிறது பாருங்கள்" என்பார். அந்தப் பெயரில் வேறு ஹோம்ஸ்டே எங்கும் கிடையாது. யாரும் எதுவும் செய்யாமலே அது முதலில் வரும். பெயரே தெரியாத ஒரு மதுரைக் குடும்பம் 'கொடைக்கானலில் சமையலறையோடு வீடு' என்று தேடும்போது வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைச் சொந்த போனில் தேடிப் பார்த்தும் நம்ப முடியாது. நாம் இருக்கும் இடம், முன்பு தேடியவை ஆகியவற்றைப் பொறுத்து முடிவுகள் மாறும்.

இதற்குச் சரியான கருவி கூகுள் சர்ச் கன்சோல். முழுக்க இலவசம். தளம் நம்முடையது என்று ஒருமுறை நிரூபித்துவிட்டால், எந்தெந்தச் சொற்களைத் தேடியபோது நம் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதையெல்லாம் 16 மாதங்கள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். ஒரு பக்கம் கூகுளின் பட்டியலில் ஏறியிருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்பதையும் அதுவே சொல்கிறது.

எங்களுக்கு அது கற்றுக்கொடுத்தது நிறைய. மலைப்பூண்டு என்று தமிழில் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அதையே ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாகத் தட்டுபவர்களும் இருக்கிறார்கள். விதைப்பூண்டு கேட்டுத் தேடியவர்களும் அந்தப் பட்டியலில் கணிசமாக இருந்தார்கள். எங்கள் தளத்தில் விதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் எங்கோ மூன்றாம் பக்கத்தில் கிடந்தோம். விதை எந்த மாதங்களில் கிடைக்கும், குறைந்தது எத்தனை கிலோ அனுப்புவோம், வந்த பிறகு எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதினேன். இன்று விதைக்காகப் போன் செய்பவர்களில் பலர் அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் தேடுபவர் கண்ணில் உண்மையான விவசாயி படவில்லை என்றால், வேறெங்கோ விளைந்ததை மலைப்பூண்டு என்று விற்பவருக்குத்தான் அந்தப் பெயரால் லாபம். எனக்கு இந்தக் கருவிகள் மேல் இவ்வளவு அக்கறை வந்ததற்கு அதுதான் காரணம்.

அடுத்தது பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ். தளத்தின் முகவரியைக் கொடுத்தால் போனிலும் கணினியிலும் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று 100-க்கு மதிப்பெண் போட்டு, எது இழுக்கிறது என்றும் காட்டும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். மாமாவின் தளத்தில் அறைப் படங்களைப் போனில் எடுத்த அளவிலேயே ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றும் பல எம்.பி. வத்தலக்குண்டு தாண்டி காட் ரோட்டில் ஏறும்போது சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அந்த நேரத்தில் அறை தேடுபவர் படம் திறக்கும்வரை காத்திருப்பாரா? ஸ்கூவ்ஷ் என்ற இலவசக் கருவியில் படங்களைச் சுருக்கினோம், ஒரே மாலையில் வேலை முடிந்தது. வேகம் மட்டுமே இடத்தை உயர்த்திவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேடி வருபவருக்கு வேண்டிய தகவல் பக்கத்தில் இல்லையென்றால் சீக்கிரம் திறந்து பயன் இல்லை.

அந்தத் தகவல் என்ன என்று கண்டுபிடிக்க கூகுள் ட்ரெண்ட்ஸ் உதவும். எந்தச் சொல்லை எந்த மாதத்தில், எந்த மாநிலத்தில் அதிகம் தேடுகிறார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டும். எண்ணிக்கை தராது, 0 முதல் 100 வரை ஒப்பீடுதான். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். ஹோம்ஸ்டேக்காரர்கள் தங்கள் தளத்தில் அதை விளக்கி நாலு வரி எழுதலாமே. கூகுள் மேப்பில் கடையும் வீடும் தெரிய பிசினஸ் ப்ரொஃபைல் இருக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை. மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலும் சர்ச் கன்சோல் போன்ற இலவசக் கருவி உண்டு.

செம்ரஷ், ஏரெஃப்ஸ் போன்ற கட்டணக் கருவிகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். போட்டியாளர்கள் எந்தச் சொற்களில் முன்னால் நிற்கிறார்கள் என்று அவை காட்டும். ஆனால் செம்ரஷுக்கு மாதம் 100 டாலருக்கு மேல் ஆகும். பத்துப் பக்கம் உள்ள தளத்துக்கு அது தேவையில்லை. தளத்தின் வலிமையைக் காட்டும் மதிப்பெண் என்று சொல்லி, 'டொமைன் அத்தாரிட்டி' ஏறிவிட்டது என்று மாமாவிடம் ஒரு எண்ணைக் காட்டினார்கள். அது மாஸ் என்ற தனியார் நிறுவனம் போடும் கணக்கு, கூகுள் அதைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. பார்ப்பவர் கண்ணில் படாமல் பக்கத்துக்குள் எழுதிவைக்கும் சொல் பட்டியலான 'கீவேர்டு டேக்' நிறையச் சேர்த்தோம் என்றும் சொன்னார்கள். அதை வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. வேறு தளங்களில் நம் தளத்துக்கான லிங்க்கை விலைக்கு வாங்கிப் போடுவது அதைவிட ஆபத்து. கூகுளின் விதிகளுக்கு எதிரானது என்பதால், இருக்கிற இடமும் போகலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. டொமைனும் (தளத்தின் முகவரிப் பெயர்) சர்ச் கன்சோலும் உங்கள் சொந்த மெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். வேலை செய்பவரைப் பயனராக மட்டும் சேர்த்தால் போதும், வேண்டாதபோது நீக்கிவிடலாம். மாமாவின் டொமைன் அந்த ஏஜென்ட் பெயரில் இருந்தது. பணம் கட்டுவதை நிறுத்தியதும் தளமே போய்விட்டது. வேறு பெயரில் புதிதாக ஆரம்பித்திருக்கிறார்.

தோட்டக்கலைத் துறையும் மாவட்டத் தொழில் மையமும் எங்களுக்குப் பயிற்சிகள் தருகின்றன. அவற்றோடு அரை நாள் இதையும் தமிழில், எங்கள் போனிலேயே செய்து காட்டிச் சொல்லித்தர வேண்டும். அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் மாணவிகளை உதவிக்கு அழைக்கலாம். ஏப்ரல், மே சீசனில் வைத்தால் ஹோம்ஸ்டேக்காரர்கள் யாராலும் வர முடியாது. கொடைக்கானல் ஊருக்குள் வைக்காமல் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ வைத்தால், கவுஞ்சி, பூண்டி பக்கத்துப் பெண்களும் வந்துவிட்டு மாலை பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
பூண்டு விவசாயி ஒருவரின் மகள்,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்.